நிழற்கோல் செய்முறை: அட்சரேகை முக்கால் பாகை தள்ளிப்போகிறது, உச்சி நேரமும் 12 மணிக்கு வரவில்லை

புவியறிவியல்_இரண்டாமாண்டு

செய்முறை ஏட்டுக்கு நிழலை அளந்து அட்சரேகை கண்டுபிடிக்கும் பயிற்சி. விடை ஒத்துவரவில்லை. எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

குச்சியின் உயரம் 100 செ.மீ. நாள் 2023 பிப்ரவரி 11. கிடைத்த மிகக் குறுகிய நிழல் 46.3 செ.மீ., வடக்கு நோக்கி. வரைபடப்படி இடம் 11° வடக்கு. நேர வலயத்தின் நடுத் தீர்க்கரேகைக்கு 4.5° மேற்கே இருக்கிறது.

டான் தலைகீழ் (46.3 ÷ 100) = 24.84°. இது உச்சியிலிருந்து சூரியன் விலகியிருக்கும் கோணம். டெக்ளினேஷனுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலிருந்து சூரியன் வடக்கே + அல்லது தெற்கே − விலகியிருக்கும் கோணம்) பாடக்குறிப்பில் இருந்த சூத்திரம்: 23.45 × சைன் [360 × (284 + நாள் எண்) ÷ 365]. நாள் எண் 42, விடை −14.59°. இரண்டையும் கூட்டினால் அட்சரேகை 10.25°. முக்கால் பாகை குறைகிறது. தரையில் அது 83 கி.மீ.!

என் சந்தேகங்கள்: (1) இதைக் "கருவிப் பிழை" என்று எழுதி முடித்துவிடலாமா? (2) 12:24 முதல் 12:40 வரை நிழலின் நீளம் மாறியதாகவே தெரியவில்லை. எந்த நேரத்தை உச்சி என்று எழுதுவது? அது ஏன் 12 மணிக்கு வரவில்லை? (3) பூமி ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம்தான் எடுக்கிறது என்றால், நாள்தோறும் 4 நிமிடம் சேர்ந்து ஆறு மாதத்தில் பகலும் இரவும் இடம் மாறிவிட வேண்டாமா? வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள் என்கிறார்கள்.

தூக்குநூல்

முதல் கேள்விக்கு மட்டும் நான். "கருவிப் பிழை" என்று எழுதாதீர்கள். உங்கள் முக்கால் பாகைக்குப் பெயரும் இருக்கிறது, முகவரியும் இருக்கிறது.

கால் பாகைக்குச் சற்று மேலே போனது நிழல் நுனியில். சூரியன் ஒரு புள்ளி அல்ல, 0.53° அகலமுள்ள தட்டு. அதனால் நிழலின் நுனி ஒரு கோடாக முடியாது, கருநிழல் மெல்ல வெளுத்துக்கொண்டே போய் மறையும். உங்கள் அளவுகளுக்கு அந்த வெளுத்த பகுதியின் நீளம் சுமார் 11 மி.மீ. கண் இயல்பாகவே கரிய பகுதி முடியும் இடத்தில் புள்ளி வைக்கும். அந்த இடம் சூரியத் தட்டின் மேல் விளிம்புக்கு உரியது, நடுவுக்கு உரியதல்ல. ஆகவே நிழல் குறைவாகவும் சூரியன் 0.27° கூடுதல் உயரத்திலும் இருப்பதாகக் கணக்கு சொல்லும். உங்கள் 24.84 உண்மையில் 25.11 ஆக இருந்திருக்க வேண்டும்.

ஒல்லியான கம்பி என்றால் நிலைமை இன்னும் மோசம். நுனியிலிருந்து தரைக்கு ஒளி வரும் தூரம் 110 செ.மீ. அந்தத் தூரத்தில் 1 செ.மீ. தடிமனுள்ள கம்பிக்குக் கருநிழலே ஏறக்குறைய இருக்காது, நுனி எங்கே என்று தேட வேண்டியதுதான்.

இதற்கு எளிய வழி, குச்சியின் தலையில் ஒரு தகட்டைப் பொருத்தி அதில் 4 மி.மீ. துளை போடுவது. தகட்டைச் சூரியனைப் பார்த்தபடி சாய்த்து வையுங்கள். தகட்டின் நிழலுக்குள் ஒன்றரை செ.மீ. அளவில் நீள்வட்டமாக ஓர் ஒளிப்பொட்டு விழும். அது சூரியனின் பிம்பம். அதன் நடுவில் புள்ளி வைத்தால் மேல் விளிம்பா, கீழ் விளிம்பா என்ற பேச்சே இல்லை. உயரத்தைத் துளையின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், தகட்டின் மேல் ஓரத்திலிருந்து அல்ல.

நிழலின் நீளத்தைக் குச்சியின் அடியிலிருந்து அளந்தீர்களா? அதுவும் ஒரு பொறி. குச்சி வடக்கு தெற்காக ஒரு பாகை சாய்ந்திருந்தால் நுனி 1.75 செ.மீ. நகர்ந்துவிடும், விடையில் 0.8° வரை பிசகும். குச்சியைச் செங்குத்தாக நிறுத்த மல்லுக்கட்டுவதை விட, துளையிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, குண்டு தரையைத் தொடும் இடத்தைக் குறித்து, உயரத்தையும் நிழலையும் அங்கிருந்தே அளப்பது நல்லது. அப்படிச் செய்தால் குச்சி எப்படிச் சாய்ந்திருந்தாலும் கவலை இல்லை. தரைக்கு ரசமட்டம் கட்டாயம். நிழல் விழும் திசையில் ஒரு பாகை சரிவு இருந்தால் கிட்டத்தட்ட 0.2° போய்விடும்.

காற்றுமண்டல ஒளிவிலகலைக் காரணமாக எழுதிவிடாதீர்கள், பலர் எழுதுகிறார்கள். சூரியன் 65° உயரத்தில் இருக்கும்போது அது 0.01° கூட வராது.

மீதி அரைப் பாகை உங்கள் சூத்திரத்தின் வேலை. அதை வேறு யாராவது விளக்கட்டும்.

மத்தியரேகை

இரண்டாவது கேள்வி. நிழலின் நீளத்தைப் பார்த்து உச்சி நேரம் பிடிக்க முடியாது. உங்கள் இடத்தில், அந்த நாளில், உச்சிக்கு 8 நிமிடம் முன்னும் பின்னும் நீளம் 2 மி.மீ. கூட மாறாது. நுனியோ 11 மி.மீ. மங்கல். ஆனால் அதே 8 நிமிடத்தில் நுனி பக்கவாட்டில் 3.7 செ.மீ. ஓடிவிடும். ஆகவே நீளத்தை விட்டுவிட்டுத் திசையைப் பிடியுங்கள்.

செய்யும் முறை: தூக்குக்குண்டு தொடும் புள்ளியை மையமாக வைத்து 60, 70, 80 செ.மீ. ஆரத்தில் மூன்று வட்டங்கள். காலையில் நிழல் சுருங்கிக்கொண்டே வரும்போது நுனி ஒவ்வொரு வட்டத்தையும் தொடும் இடத்தையும் நேரத்தையும் குறியுங்கள். பிற்பகலில் நீளும்போது மறுபடி தொடும். ஒரே வட்டத்தின் இரு புள்ளிகளுக்கு இடையிலான கோணத்தை இருசமமாக வெட்டும் கோடுதான் உண்மையான வடக்கு தெற்கு. இரு நேரங்களின் சராசரி உச்சி நேரம். உங்கள் தரவுக்கு 70 செ.மீ. வட்டத்தை நிழல் ஏறத்தாழ 10:54-க்கும் 14:10-க்கும் தொட வேண்டும், நடுநேரம் 12:32. மூன்று வட்டம் எதற்கு என்றால், பிற்பகலில் மேகம் வந்து ஒன்றைக் கெடுத்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். இந்த மூன்று மணி நேரத்துக்குள் டெக்ளினேஷன் மாறுவதால் வரும் பிழை சில நொடிகள்தான், விட்டுவிடலாம். கைபேசித் திசைகாட்டியை வைத்து வடக்கு பார்க்க வேண்டாம். அது காந்த வடக்கு, பக்கத்தில் இரும்புக் குச்சி வேறு.

இனி ஏன் 12:32? இரண்டு பகுதிகள்.

ஒன்று, இடம். தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிடம். நீங்கள் 4.5° மேற்கே, ஆகவே 18 நிமிடம் தாமதம். இது ஆண்டு முழுவதும் மாறாது.

இரண்டு, நேரச் சமன்பாடு, அதாவது உண்மைச் சூரியன் காட்டும் நேரத்துக்கும் சீராக ஓடும் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாடு. பிப்ரவரி 11 வாக்கில் சூரியன் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பிந்துகிறது. 18 + 14 = 32. அதே இடத்தில் நவம்பர் 3 அன்று சூரியன் 16 நிமிடத்துக்கு மேல் முந்தும். அப்போது உச்சி 12:02-க்கே வந்துவிடும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களை ஒட்டி இந்த வேறுபாடு பூஜ்யம். அட்டவணை பார்க்கும்போது குறியில் ஏமாறாதீர்கள், சில நூல்கள் கூட்டலும் கழித்தலும் மாற்றிப் போடும். பிப்ரவரியில் பிந்தும், நவம்பரில் முந்தும் என்று வைத்துக்கொண்டால் எந்த அட்டவணையையும் சரிபார்த்துவிடலாம்.

காரணம் பலரும் பாதிதான் சொல்வார்கள். பூமியின் பாதை நீள்வட்டம், ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் 14.71 கோடி கி.மீ., ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி கி.மீ. அருகில் இருக்கும்போது வேகம் கூடுதல், நாளுக்கு 1.02°. தொலைவில் 0.95°. வேகமாக நகரும் நாளில் சூரியனை மறுபடி உச்சிக்குக் கொண்டுவரப் பூமி கொஞ்சம் கூடுதலாகச் சுழல வேண்டும். இதனால் ஜனவரியில் உண்மைச் சூரிய நாள் சுமார் 8 நொடி நீளும்.

அச்சுச் சாய்வின் பங்கு இதைவிடப் பெரியது. பாதை முழு வட்டமாகவே இருந்தாலும் நேரச் சமன்பாடு மறையாது. சூரியன் நகர்வது சூரியவீதியில் (விண்மீன்களுக்கு நடுவே அதன் ஆண்டுப் பாதை), கடிகாரத்துக்கு வேண்டியதோ வான நடுவரை (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் உள்ள வட்டம்) வழியே நகர்ந்த அளவு. இரண்டுக்கும் இடையே 23.44° சாய்வு. மார்ச், செப்டம்பர் சம இரவு நாள்களில் சூரியனின் நகர்வில் ஒரு பங்கு வடக்கு தெற்காகச் செலவாகிவிடுவதால் கிழக்கு நோக்கிய நகர்வு குறையும், நாள் 20 நொடி சுருங்கும். ஜூன், டிசம்பர் கதிர்த்திருப்ப நாள்களில் முழு நகர்வும் கிழக்கு நோக்கியே இருக்கும். அதோடு வான நடுவரையிலிருந்து விலகிய அந்த இடத்தில் வானத்தின் தீர்க்கரேகைக் கோடுகள் நெருங்கியிருப்பதால் நாள் 21 நொடி நீளும். டிசம்பரில் இரண்டு காரணங்களும் சேர்ந்து 30 நொடி. ஒரு நாளைக்கு அரை நிமிடம் என்பது அற்பமாகத் தெரியலாம், வாரக்கணக்கில் சேர்ந்தால்தான் உங்கள் 14 நிமிடம்.

மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22-இல் வந்தாலும், மிக முந்திய மாலை மறைவு அன்று வராததற்கும் இதுவே காரணம். 11° வடக்கில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் பிற்பகுதியில், மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி இறுதியில். பகலின் நீளம் அங்கே மெதுவாகவே மாறுகிறது, உச்சி நேரம் தள்ளிப்போகும் வேகம் அதை விழுங்கிவிடுகிறது.

புவியறிவியல்_இரண்டாமாண்டு

நன்றி. குச்சியின் அடியிலிருந்துதான் அளந்தேன், ஆனால் தூக்குநூல் வைத்துச் செங்குத்தாக நிறுத்தினேன். சூத்திரத்தில் என்ன குறை? எல்லாக் குறிப்பேட்டிலும் அதுதானே இருக்கிறது?

வான்கணக்கு

சூத்திரம் சூரியமின் தகட்டைச் சாய்த்து வைப்பதற்குப் போதும், அட்சரேகை எடுக்கப் போதாது. டெக்ளினேஷன் ஒரு சீரான அலையாக ஏறி இறங்குகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. மேலே மத்தியரேகை சொன்ன வேக மாற்றம் அதில் இல்லை. உண்மையில் மார்ச் சம இரவு நாளிலிருந்து செப்டம்பர் சம இரவு நாள் வரை 186 நாள், மறுபாதி 179 நாள். சூத்திரம் இரண்டையும் 182.5 என்று வைக்கிறது. விளைவு, செப்டம்பர் 23-க்குப் போட்டுப் பாருங்கள்: விடை −1.0° வரும், உண்மை மதிப்பு 0-ஐ ஒட்டி இருக்கும். ஒரு முழுப் பாகை, 111 கி.மீ.

இதைப் பயன்படுத்துங்கள். கோணங்கள் எல்லாம் பாகையில். நெட்டாங்கு என்பது சூரியவீதியில் சூரியன் இருக்கும் இடம், பிறழ்வு என்பது பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் புள்ளியிலிருந்து நகர்ந்த கோணம்.

நா = 2000 ஜனவரி 1, உலகப் பொதுநேரம் 12 மணியிலிருந்து கழிந்த நாள்கள், பின்னத்தோடு.
சராசரி நெட்டாங்கு = 280.460 + 0.9856474 × நா
சராசரிப் பிறழ்வு = 357.528 + 0.9856003 × நா
சூரிய நெட்டாங்கு = சராசரி நெட்டாங்கு + 1.915 × சைன் (பிறழ்வு) + 0.020 × சைன் (2 × பிறழ்வு)
டெக்ளினேஷன் = சைன் தலைகீழ் [0.3978 × சைன் (சூரிய நெட்டாங்கு)]

உங்கள் உச்சி நேரம் உலகப் பொதுநேரத்தில் காலை 7 மணி அளவு என்று எடுத்தால் நா = 8441.79. 360-இன் மடங்குகளைக் கழித்த பிறகு சராசரி நெட்டாங்கு 321.09, பிறழ்வு 37.76, சூரிய நெட்டாங்கு 322.28, டெக்ளினேஷன் −14.09°. நூறில் ஒரு பாகை அளவுக்கு நம்பலாம். கணிப்பான் ரேடியன் முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பாதிப் பேர் விழுவது அந்தக் குழியில்தான்.

இப்போது கூட்டுங்கள்: 24.84 + 0.27 − 14.09 = 11.02°. சரியாகிவிட்டது. இனி ஏட்டில் நிழல் விளிம்புக்கு 0.27, சூத்திரத்துக்கு 0.50 என்று தனித்தனியாக எழுதலாம்.

ஆண்டையும் எழுதி வையுங்கள். லீப் ஆண்டுச் சுற்றால் அதே பிப்ரவரி 11-க்கு டெக்ளினேஷன் ஆண்டுக்கு ஆண்டு 0.2° வரை வேறுபடும். நாளும் மாதமும் மட்டும் போட்ட அட்டவணை ஏமாற்றும்.

மூன்றாவது கேள்வி. 23 மணி 56 நிமிடம் 4 நொடி என்பது விண்மீன்களை வைத்து அளந்த சுற்று. அந்த நேரத்தில் பூமி தன் பாதையிலும் ஏறத்தாழ ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், அதே இடம் மறுபடி சூரியனுக்கு நேரே வர இன்னும் ஒரு பாகை, அதாவது சுமார் 4 நிமிடம் சுழல வேண்டும். கடிகாரத்தின் 24 மணி சூரியனை வைத்து வந்தது, அந்த 4 நிமிடம் ஏற்கெனவே அதற்குள் அடக்கம். பகலும் இரவும் இடம் மாறாது. இடம் மாறுவது விண்மீன்கள்: இன்று நள்ளிரவில் உச்சியில் நிற்கும் விண்மீன் ஆறு மாதத்தில் நண்பகலில் உச்சிக்கு வரும், கண்ணுக்குத் தெரியாது. ஓர் ஆண்டில் சூரிய நாள் 365.24, சுற்றோ 366.24. அந்த ஒன்று கூடுதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சூரியனைச் சுற்றி வந்த ஒரு சுற்றுதான் என்று சொல்லுங்கள்.

செய்தும் பார்க்கலாம். ஒரு சுவரின் செங்குத்து விளிம்பைத் தேர்ந்து, கண்ணை ஒரே இடத்தில் வைக்க ஏதாவது தாங்கி அமையுங்கள். ஓரியனின் இடைவார் விண்மீன் ஒன்று விளிம்புக்குப் பின்னால் மறையும் நேரத்தை எழுதுங்கள். மறுநாள் அது 3 நிமிடம் 56 நொடி முன்னதாக மறையும், ஒரு வாரத்தில் ஏறக்குறைய 27 நிமிடம். வான நடுவரைக்கு அருகில் உள்ள விண்மீன் வேகமாக ஓடும், மறையும் கணம் கூர்மையாகக் கிடைக்கும். துருவத்தை ஒட்டிய விண்மீனை எடுத்தால் பொறுமை போய்விடும். கோளை எடுக்காதீர்கள், அது தானும் நகரும்.

தூக்குநூல்

ஒரு எச்சரிக்கை விட்டுப்போனது. இதே பயிற்சியை ஜூனில் திரும்பச் செய்தால் கூட்டல் குறி காலை வாரிவிடும். 11° வடக்கில் ஏப்ரல் 18-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாள்களில் உச்சிக்கு வடக்கே இருக்கும், நண்பகல் நிழல் தெற்கே விழும். அப்போது உச்சிக்கோணத்தைக் கழிக்க வேண்டும். ஜூன் 21: நிழல் 22 செ.மீ., உச்சிக்கோணம் 12.4°, டெக்ளினேஷன் +23.4°, அட்சரேகை 23.4 − 12.4 = 11°. கூட்டிவிட்டால் 35.8° என்று வரும். நிழலின் நீளத்தோடு அது விழுந்த திசையையும் ஏட்டில் எழுதுவது இதற்காகத்தான். விளிம்புத் திருத்தம் எப்போதும் உச்சிக்கோணத்தைக் கூட்டும் பக்கமே, அதில் குறி மாறாது.

புவியறிவியல்_இரண்டாமாண்டு

வடக்கே வேறு கல்லூரியில் இருக்கும் ஒருவர் அதே நாளில் அதே 100 செ.மீ. குச்சியால் அளந்திருக்கிறார். இரண்டையும் வைத்துப் பூமியின் சுற்றளவு எடுக்கலாமா? ஆனால் அவர் இருப்பது வேறு தீர்க்கரேகை.

மத்தியரேகை

எடுக்கலாம், உங்கள் அட்சரேகைக் கணக்கை விட அது சுத்தமாகவே வரும். இரு உச்சிக்கோணங்களைக் கழித்தால் டெக்ளினேஷன் தானாக அடிபட்டுப் போகும், சூத்திரமே வேண்டாம். இருவரும் கருநிழலின் முனையிலேயே புள்ளி வைத்திருந்தால் அந்த 0.27°-உம் அடிபட்டுப் போகும். ஒருவர் முனையிலும் மற்றவர் மங்கலின் நடுவிலும் வைத்திருந்தால் போகாது, அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தீர்க்கரேகை வேறாக இருப்பது தடையல்ல. அவரவர் தத்தம் உச்சி நேரத்தில் அளந்திருக்க வேண்டும், ஒரே கடிகார நேரத்தில் அல்ல. ஒரு மணி நேர வித்தியாசம் இருந்தாலும் பிப்ரவரியில் டெக்ளினேஷன் 0.014° தான் மாறும். தூரத்தை மட்டும் கவனமாக எடுங்கள்: சாலைத் தூரமும் வேண்டாம், இரு ஊர்களுக்கு இடையிலான நேர்க்கோட்டுத் தூரமும் வேண்டாம். இரண்டு அட்சரேகைகளுக்கு இடையே உள்ள வடக்கு தெற்குத் தூரம் மட்டும், வரைபடத்தில் அளவுகோல் வைத்து.

சுற்றளவு = 360 × தூரம் ÷ கோண வேறுபாடு. இடைவெளி 300 கி.மீ. என்றால் கோணம் 2.7°. இருவர் அளவிலும் சேர்ந்து 5 மி.மீ. தவறு நடந்தால் கோணத்தில் 0.23°, சுற்றளவில் 9 சதவீதம். 50 கி.மீ. இடைவெளியில் இதே தவறு பாதி விடையைத் தின்றுவிடும். உங்கள் நண்பர் 200 கி.மீ.க்குள் இருந்தால் துளைத் தகடு வைத்து இருவரும் மறுபடி அளப்பது மேல்.

ஏப்ரல் 18-க்குப் பிறகு அளப்பதாக இருந்தால் ஒன்றைப் பாருங்கள். சூரியன் உங்கள் இருவருக்கும் நடுவே வந்துவிட்டால் ஒருவர் நிழல் வடக்கேயும் மற்றவர் நிழல் தெற்கேயும் விழும். அப்போது கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். விளிம்புப் பிழையும் அடிபடாமல் இரட்டிப்பாகும், ஆகவே இரண்டு கோணத்திலும் 0.27 சேர்த்துவிட்டுக் கூட்டுங்கள்.